எருசலேமில் அந்த ஒரு வாரம்: கேள்விகளும் பதில்களும்

பெரிய வெள்ளி நெருங்குகிறதே, இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி, முக்கியமாக அந்தக் கடைசி வாரத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் போதகர் இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் முழித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பதில் தேடிப் படித்தவன், அவ்வளவுதான். பெயர்களைப் பழைய வேதாகமத்தில் உள்ளபடி எழுதுகிறேன். கத்தோலிக்க நண்பர்கள் காய்பாவைக் கயபா என்றும் பஸ்காவைப் பாஸ்கா என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, இயேசு கி.மு. 4-க்கு முன்பே பிறந்துவிட்டார் என்கிறார்களே? கிறிஸ்துவுக்கு முன்பே கிறிஸ்து எப்படிப் பிறப்பார்?

பதில்: கணக்குப் போட்டவர் செய்த பிழை. 6-ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த தியொனீசியு என்ற துறவிதான் கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து வருடங்களை எண்ணத் தொடங்கினார். சில வருடம் தவறிவிட்டது. யூதேயாவை ஆண்ட ராஜா பெரிய ஏரோது இறந்தது கி.மு. 4-ல் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. இயேசு பிறந்தபோது ஏரோது உயிரோடிருந்தான் என்கிறார் மத்தேயு. ஆகவே கி.மு. 6-க்கும் 4-க்கும் நடுவில் என்று வைப்பது வழக்கம். காலண்டரை இனி யாரும் திருத்தப்போவதில்லை.

கேள்வி: அவர் தச்சர்தானா, கொத்தனாரா?

பதில்: மாற்கு எழுதிய கிரேக்கச் சொல் ‘தெக்தோன்’. மர வேலைக்காரரையும் சொல்லலாம், கட்டட வேலைக்காரரையும் சொல்லலாம். நாசரேத்து சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் செப்போரிஸ். அந்த நகரத்தைப் பெரிய ஏரோதின் மகன் ஏரோது அந்திப்பா அப்போதுதான் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தான். அப்பாவும் மகனும் அங்கே வேலைக்குப் போயிருப்பார்கள் என்று ஒரு ஊகம் உண்டு. வெறும் ஊகம்தான்; சுவிசேஷங்களில் செப்போரிஸ் என்ற பெயரே வரவில்லை. ஆனாலும் எனக்கு அது பிடிக்கும். கன்மலைமேல் வீடு கட்டுகிறவன், கோபுரம் கட்ட உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கிறவன், கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளிய கல் என்று அவர் பேச்சில் சித்தாள் கொத்தனார் வாடை அடித்துக்கொண்டே இருக்கிறது.

கேள்வி: குருத்தோலை ஞாயிறன்று நாம் தென்னங்குருத்து பிடிக்கிறோம். எருசலேமில் தென்னை உண்டா அண்ணா?

பதில்: கிடையாது. அது பேரீச்சை ஓலை. அதையும் யோவான் மட்டுமே சொல்கிறார். லூக்காவில் ஓலையும் இல்லை, கிளையும் இல்லை. வழியில் துணியை விரித்தார்கள், அவ்வளவே. ஆனால் யூதர்களுக்கு அந்த ஓலை சும்மா அலங்காரம் அல்ல. சுமார் 170 வருடம் முன்பு மக்கபேயர் சீமோன் என்ற யூதத் தலைவர் எருசலேம் கோட்டையை அந்நியரிடமிருந்து மீட்டு உள்ளே நுழைந்தபோதும் மக்கள் பிடித்தது இதைத்தான். பார்த்துக்கொண்டிருந்த ரோமச் சேவகனுக்குத் தெரியாமல் இருக்கலாம், கூட்டத்துக்குத் தெரியும்.

கேள்வி: சாந்தமானவர் தேவாலயத்தில் மேசைகளைக் கவிழ்த்தார். அவ்வளவு கோபம் ஏன்? அதற்காகத்தான் கைது செய்தார்களா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். அவர் கவிழ்த்தது காசு மாற்றுகிறவர்களின் மேசைகளை. அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று முதலில் பார்ப்போம். வயது வந்த ஒவ்வொரு யூத ஆணும் வருடத்துக்கு அரைச் சேக்கல் ஆலய வரி கட்ட வேண்டும். கையில் இருக்கிற எந்தக் காசையும் கொடுக்க முடியாது. தீரு பட்டணத்து வெள்ளிக்காசாகத்தான் கொடுக்க வேண்டும். வெள்ளி சுத்தமாக இருக்கும் என்பது காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காசின் ஒரு பக்கம் மெல்கார்த் என்ற தீரு நாட்டுத் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. விக்கிரகம் கூடாது என்கிற ஆலயத்தில் விக்கிரகக் காசு! அதை மாற்றிக் கொடுக்கத் தனிக் கமிஷன்.

அடுத்தது புறா. ஆடு வாங்க வசதியில்லாத ஏழைகளின் பலி அது. இயேசு பிறந்து நாற்பதாம் நாள் மரியாள் பலி கொடுக்க வந்தபோது அதே ஆலயத்தில் கொடுத்ததும் ஒரு ஜோடிப் பறவைதான். இப்போது அவர் கவிழ்த்தவற்றில் புறா விற்கிறவர்களின் ஆசனங்களும் உண்டு என்று மாற்கு எழுதுகிறார். நான் இந்த வசனத்தைத் தாண்டும்போதெல்லாம் மரியாளை நினைத்துக்கொள்வேன்.

கைதுக்கு வருவோம். அந்த வாரம் பஸ்கா. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான நாளை யூதர் கொண்டாடும் பண்டிகை அது. ஊரெல்லாம் யாத்திரிகர். கூட்டத்தில் பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். கடலோரச் செசரியாவில் குடியிருந்த ரோம ஆளுநர் பிலாத்து இந்த மாதிரிப் பண்டிகைக்குப் படையோடு எருசலேமுக்கு வந்துவிடுவான். ஆலய வளாகத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையிலிருந்து பார்த்தால் முற்றம் முழுவதும் தெரியும். ஏரோது இறந்த பிறகு வந்த பஸ்காவில் அவன் மகன் அர்கெலாயுவின் படை இதே இடத்தில் சுமார் 3,000 பேரைக் கொன்றது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். ஊரில் வயதானவர்களுக்கு அது நினைவிருக்கும். ‘ஜனங்களுக்காக ஒரே மனுஷன் சாவது நலம்’ என்று பிரதான ஆசாரியன் காய்பா சொன்னதை இந்தப் பயத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். நியாயம் ஆகிவிடாது, ஆனால் புரியும்.

கேள்வி: கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்தா, அதற்கு முந்தின நாளா? எந்தத் தேதி?

பதில்: மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அது பஸ்கா விருந்து என்கிறார்கள். யோவான் கணக்கில் மறுநாள்தான் பஸ்கா. ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படுகிற அதே பிற்பகலில் இயேசு சிலுவையில் மரிக்கிறார். இரண்டையும் ஒட்டவைக்க எத்தனையோ முயற்சிகள் உண்டு. எதுவும் எனக்கு முழுசாக ஒட்டவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். தேதிக்கு யோவானைப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்குட்டி வெட்டுகிற நாளான யூதரின் நிசான் மாதம் 14-ஆம் நாள் வெள்ளிக்கிழமையாக வந்த வருடங்களைப் பௌர்ணமிக் கணக்கால் தேடினால் இரண்டு சிக்குகின்றன: கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3. அறிஞர்கள் இரண்டு கட்சி.

கேள்வி: யூதர்கள்தானே இயேசுவைக் கொன்றார்கள்? பிலாத்து கையைக் கழுவிவிட்டானே.

பதில்: இல்லை தம்பி. இந்தப் பேச்சால் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்கள் அடிபட்டிருக்கிறார்கள். சிலுவை ரோமத் தண்டனை, தீர்ப்புச் சொன்னது ரோம ஆளுநர், ஆணி அடித்தது ரோமச் சேவகர், மேலே பலகையில் எழுதியதும் ‘யூதருடைய ராஜா’ என்ற அரசியல் குற்றம். காய்பாவும் ஆலயத் தலைமையும் பிடித்துக் கொடுத்தார்கள், அது உண்மை. ஆனால் சிலுவையடியில் அழுத பெண்களும் யூதர்கள்தான், அடக்கம் செய்தவரும் யூதர்தான். இயேசுவே யூதர். அன்றைய யூதர் எல்லார்மேலும் இன்றைய யூதர்மேலும் பழியைப் போடக்கூடாது என்று வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளிப்படையாகவே அறிவித்தது.

பிலாத்து கை கழுவியது மத்தேயுவில் மட்டும் வருகிறது. எப்படியோ, அவன் கை சுத்தமாகவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதர் பெயர்கள்தான் வருகின்றன: ஒன்று மரியாள், இன்னொன்று ‘பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு’. ஞாயிறுதோறும் உலகம் முழுக்க அவன் பெயரைச் சொல்கிறார்கள். அவன் கற்பனைப் பாத்திரமோ என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, 1961-ல் செசரியாவின் அரங்கத்தில் படிக்கல்லாகக் கிடந்த ஒரு கல்லில் அவன் பெயரும் பதவியும் கிடைத்தன. 1990-ல் எருசலேமில் காய்பாவின் பெயர் பொறித்த எலும்புப் பேழையும் கிடைத்தது.

கேள்வி: ஆணி உள்ளங்கையிலா, மணிக்கட்டிலா? படங்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

பதில்: சுவிசேஷத்தில் ‘கை’ என்றுதான் இருக்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லில் மணிக்கட்டும் அடங்கும். அதனால் வசனத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. காலுக்கு மட்டும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சாட்சி இருக்கிறது. 1968-ல் எருசலேமுக்கு வடக்கே ஒரு குடும்பக் கல்லறையில் எலும்புப் பேழைகள் கிடைத்தன. ஒன்றில் யோகானான் என்ற பெயர். உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதற்குள் பக்கவாட்டில் இறங்கிய இரும்பு ஆணி. நீளம் சுமார் பதினொன்றரை சென்டிமீட்டர். ஆணியின் நுனி மடங்கியிருந்தது. மரத்தில் கணுவிலே பட்டு மடங்கியிருக்க வேண்டும். இறக்கும்போது பிடுங்க வரவில்லை, ஆணியோடேயே புதைத்துவிட்டார்கள். ரோமர் சிலுவையில் அறைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆனால் இந்த மாதிரி எலும்பு கிடைப்பது மிகமிக அபூர்வம். இந்த ஒன்று கிடைத்ததும் அந்த மடங்கின நுனியால்தான்.

முழுச் சிலுவையையும் சுமப்பதாகப் படங்களில் வருகிறதே, பெரும்பாலும் குற்றவாளி சுமந்தது குறுக்குச் சட்டத்தைத்தான். அதையும் வழியில் சீரேனே ஊரான் சீமோன் தலையில் கட்டினார்கள். சீரேனே இன்றைய லிபியாவில் இருக்கிறது. அவனை ‘அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்’ என்று மாற்கு எழுதுகிறார். வாசகர்களுக்கு அந்தப் பையன்களைத் தெரிந்திருந்தால் ஒழிய இப்படி யாரும் எழுதமாட்டார்கள்.

கேள்வி: இயேசு ஒன்பதாம் மணி வேளையில் மரித்தார் என்கிறார்களே, அது காலை 9-ஆ?

பதில்: பிற்பகல் 3. சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை பன்னிரண்டுக்குத் தொடங்கி மூன்றுக்கு முடிவது அதனால்தான்.

கேள்வி: சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளும் எந்தச் சுவிசேஷத்தில் வரிசையாக இருக்கின்றன?

பதில்: எதிலும் இல்லை. லூக்காவில் மூன்று, யோவானில் வேறு மூன்று. மத்தேயுவிலும் மாற்கிலும் ‘என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற ஒன்று மட்டும். வரிசை பிற்காலத்தில் சேர்த்துக் கட்டியது. இந்த வருடம் ஒரு தடவை மாற்கை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். ஆறுதல் சொல்ல வேறு வார்த்தை எதுவும் இல்லாமல் அந்த ஒரு கதறல் மட்டும் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை எப்படி மூன்று நாள்?

பதில்: யூதர் கணக்கில் நாளின் ஒரு துண்டும் ஒரு நாள். வெள்ளி, சனி, ஞாயிறு. நம் வீட்டில் சாவு விழுந்தால் மூன்றாம் நாளை எப்படி எண்ணுகிறோம்? அதே கதைதான்.

கேள்வி: கல்லறை எது சார்? டூர் போனால் இரண்டு இடம் காட்டுகிறார்களாம்.

பதில்: தோட்டக் கல்லறை அமைதியான இடம், ஜெபிக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் குகை இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வெட்டியது. ‘ஒருவரும் வைக்கப்படாத புதிய கல்லறை’ என்பதோடு பொருந்தாது. நெரிசலும் மெழுகுவர்த்திப் புகையுமாக இருக்கிற கல்லறைக் கோவில்தான் வலுவான இடம். இன்று மதிலுக்கு உள்ளே இருக்கிறது. அன்று மதிலுக்கு வெளியே பழைய கல்குவாரியாக இருந்தது, சுற்றிலும் கல்லறைகள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டிய கோவில் 335-ல் பிரதிஷ்டையானது. 2016-ல் மேலே மூடியிருந்த பளிங்கைத் தூக்கி ஆராய்ந்தபோது அடியில் பூசிய சாந்து 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது.

கேள்வி: இயேசு இந்தியாவுக்கு வந்தார், காஷ்மீரில் கல்லறை இருக்கிறது என்கிறார்களே?

பதில்: இரண்டு தனிக் கதைகள் கலந்துவிட்டன. சிறு வயதில் லடாக்கில் படித்தார் என்பது 1894-ல் ஒரு ரஷ்யர் பாரிஸில் வெளியிட்ட புத்தகத்தால் பரவியது. மறு வருடமே ஒருவர் அந்த ஹெமிஸ் மடத்துக்கே போய்க் கேட்டார். அப்படி ஒரு சுவடியே இல்லை என்று மடத்துத் தலைவர் சொல்லிவிட்டார். ஸ்ரீநகர் கல்லறை என்பது அகமதியா இயக்கத்தின் நம்பிக்கை, அதுவும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது.

கேள்வி: இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்ன பேதுரு எப்படித் தலைவரானார்? எனக்கு அந்த இடம் ஒட்டவே மாட்டேன் என்கிறது ஐயா.

பதில்: அவரைக் காட்டிக்கொடுத்தது பேச்சுதான். கலிலேயா வழக்கு. நாகர்கோவில்காரர் சென்னையில் வாய் திறந்த மாதிரி. இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிருக்குச் சேவகர்கள் கரிநெருப்பு மூட்டியிருக்கிறார்கள், பேதுருவும் அதே நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே ‘அந்த மனுஷனைத் தெரியாது’ என்கிறார்.

அப்புறம் யோவான் கடைசி அதிகாரத்துக்கு வாருங்கள். திபேரியாக் கடற்கரை, விடியற்காலம். ராத்திரி முழுக்க வலை வீசியவர்கள் கரைக்கு வந்தால், அங்கே ஒரு கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்? ‘நீ என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று தடவை கேட்டதும் அந்த நெருப்பருகேதான். ஆனால் எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. முதலில் ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்று எல்லாரையும் கூப்பிட்டு, அப்பத்தையும் மீனையும் அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்து, அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேதுரு பக்கம் திரும்புகிறார்.