குளிசைக்குச் சாகாத கிருமி கறிச்சட்டியில் சாகும்

கேள்வி: போன கிழமை கோழிக்கறி சாப்பிட்ட மறுநாள் என் ஏழு வயது மகனுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்தது. முன்பு மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசையைக் கொடுக்கப் போனேன், மாமி தடுத்துவிட்டார். இப்போது சுகம். மருந்துக்கும் சாகாத சல்மொனெல்லா என்ற கிருமி கோழியில் இருக்கிறதாமே, இனிக் கோழியே வாங்கக் கூடாதா? நான் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவித்தான் சமைப்பேன்.
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உங்கள் மாமி செய்ததுதான் சரி, சகோதரி. சல்மொனெல்லா வயிற்றோட்டம் பெரும்பாலும் நாலு முதல் ஏழு நாளில் தானாக அடங்கிவிடும். அன்டிபயோட்டிக் அதைச் சீக்கிரம் நிறுத்துவதில்லை, மலத்தில் கிருமி போகும் நாட்களை நீட்டிவிடவும் கூடும். பிள்ளைக்கு அந்த நேரம் வேண்டியது ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த ORS கரைசல்), கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மலத்தில் இரத்தம், இறங்காத காய்ச்சல், சிறுநீர் குறைந்து பிள்ளை சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைக்குழந்தை, வயதானவர் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நோயில்லாத கோழிக்கும் தீனியிலும் தண்ணீரிலும் அன்டிபயோட்டிக் கலந்து கொடுத்தால் அதன் குடலில் மருந்துக்கு அடங்கும் கிருமிகள் சாகும், தாக்குப்பிடிப்பவை மிஞ்சிப் பெருகும், அந்தத் திறனைப் பக்கத்துக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடும். கோழியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் கொத்தித் தின்னும். அமெரிக்காவில் 2013-14இல் ஒரு நிறுவனத்தின் கோழியிலிருந்து பரவிய சல்மொனெல்லாவில் பல மருந்துகளுக்கு அடங்காத வகைகள் இருந்தன. 634 பேருக்கு நோய் வந்தது, அவர்களில் 38 வீதமானோரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. கிருமி குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போய்விட்டால் அன்டிபயோட்டிக்தான் உயிரைக் காக்கும், அந்த நேரத்தில் மருந்து வேலை செய்யாவிட்டால் டொக்டர் என்ன செய்வார்? அதனால்தான் விலங்குகள் சீக்கிரம் வளர்வதற்காக அன்டிபயோட்டிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே தடை செய்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனமும் நோயில்லாத விலங்குகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்றது. பண்ணைக்காரர்களிடம் நாமும் இதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் கோழியை விட்டுவிடத் தேவையில்லை. மருந்துக்கு அடங்காத சல்மொனெல்லா நெருப்புக்கு அடங்கும்! மற்ற சல்மொனெல்லாவைப் போலவே அதுவும் 74 பாகை செல்சியசில் செத்துவிடும், கொதிக்கிற கறி அதைவிடச் சூடு. எலும்போடு ஒட்டிய பெரிய துண்டையும் பொரியலையும்தான் உள்ளே வெந்ததா என்று பிய்த்துப் பார்க்க வேண்டும்.

என் பயமெல்லாம் உங்கள் கறியில் இல்லை, அந்த மூன்று தண்ணீரில்தான். பைப்பைத் திறந்து கோழியைக் கழுவும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் சிங்க்கைச் சுற்றித் தெறிக்கும், பக்கத்தில் மூடாமல் வைத்த தேங்காய்ச் சம்பலிலும் விழும். கறி அடுப்பில் கொதிக்கிறது, சம்பல் அப்படியே சோற்றுக்கு வருகிறது. கோழி வெட்டிய பலகையைச் சும்மா தண்ணீரில் அலசிவிட்டு அதிலேயே வெள்ளரிக்காய் வெட்டினாலும் இதே கதைதான். மஞ்சளையும் தேசிக்காயையும் நம்ப வேண்டாம், அவை வாடையைப் போக்கும், கிருமியை முழுக்கக் கொல்லாது. கழுவாமலே சமைப்பதுதான் நல்லது. மனம் கேட்காவிட்டால் ஒரு பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், அப்புறம் சிங்க், பலகை, கத்தி, கை எல்லாவற்றுக்கும் சவர்க்காரம் போடுங்கள். கை துடைத்த துவாயையும் மாற்றுங்கள்.

உறைந்த கோழியைக் காலையில் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். உறைய வைத்தால் சல்மொனெல்லா சாகாது, இந்த வெக்கையில் மேசையில் கிடந்தால் பெருகும். முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில், சொட்டும் தண்ணீர் மற்றச் சாப்பாட்டில் விழாதபடி ஒரு கிண்ணத்தில் வைத்து இளகவிடுங்கள்.

அந்த மிஞ்சிய குளிசைகளை இன்றே அலுமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அவைதான் முதலில் கைக்கு அகப்படும்.