‘எஃபெமெரல்’: ஒரு நாள் கணக்கில் பிறந்த சொல் (கேள்வி பதில்)

‘எஃபெமெரல்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் அதன் உறவுக்காரச் சொற்களையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஆங்கில இலக்கிய மாணவி, திருச்சி: அகராதியில் ‘சிறிது காலமே நிலைப்பது’ என்று போட்டிருக்கிறது சார். ஆரம்பத்திலிருந்தே அதுதான் பொருளா?

இல்லைம்மா. ஆரம்பத்தில் அதற்குக் கறாரான கணக்கு இருந்தது: ஒரே ஒரு நாள். கிரேக்கத்தில் ‘ஹெமெரா’ என்றால் நாள், ‘எபி’ என்றால் மேல், மீது. இரண்டும் சேரும்போது பகரமும் ஹகரமும் ஒட்டிக்கொண்டு ‘எஃபெமெரோஸ்’ ஆயிற்று.

ஆங்கிலத்துக்குள் இந்தக் குடும்பத்தைக் கூட்டிவந்தவர்கள் கவிஞர்கள் அல்ல, வைத்தியர்கள். அந்தக் கால ஐரோப்பிய மருத்துவம் காய்ச்சலை நாள் கணக்கில்தான் வகை பிரித்தது. விட்டுவிட்டு மூன்றாம் நாள் வருவது ஒரு வகை, நான்காம் நாள் வருவது இன்னொரு வகை. வந்த நாளே இறங்கிவிடும் காய்ச்சலுக்கு ‘எஃபெமெரா’ என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஆங்கில மருத்துவ எழுத்துகளிலேயே இது இருக்கிறது. ‘எஃபெமெரல்’ என்ற பெயரடை வந்தது 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அதுவும் நோயையும் ஆயுளையும் பற்றிய சொல்லாகத்தான் வந்தது. புகழ், அழகு, ஆட்சி என்று எதற்கு வேண்டுமானாலும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் 17-ஆம் நூற்றாண்டில்தான் பிடிபட்டது. ஒரு நாள் என்ற அளவு கழன்று, ‘கொஞ்ச காலம்’ என்பது மட்டும் மிஞ்சியது.

ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை: கிரேக்கக் கவிஞர்கள் மனிதனையே ‘ஒருநாள் உயிர்’ என்று அழைத்ததாகப் படித்தேன். மனிதன் ஒரு நாளா வாழ்கிறான்? மிகைப்படுத்தல் அணி என்று எடுத்துக்கொள்ளலாமா ஐயா?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் ஐயா. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சண்டையே இதுதான்.

நீங்கள் படித்தது கிரேக்கக் கவிஞர் பிண்டாரின் எட்டாவது பிதிய வாழ்த்துப்பாட்டாக (டெல்ஃபியில் நடந்த பிதிய விளையாட்டுகளில் ஜெயித்தவர்களுக்குப் பாடியது) இருக்க வேண்டும். கி.மு. 446-ல் ஏகினா தீவைச் சேர்ந்த அரிஸ்டோமெனெஸ் என்ற மல்யுத்த இளைஞன் ஜெயித்ததற்காகப் பாடியது. முடிவை ஒட்டி மனிதர்களை ‘எஃபெமெரோஸ்’ என்பதன் பன்மையால் விளித்துவிட்டு, மனிதன் நிழலின் கனவு என்கிறார். நெடுங்காலம் எல்லோரும் இதை ‘அற்ப ஆயுசு’ என்றே வாசித்தார்கள்.

1946-ல் ஹெர்மன் ஃப்ரெங்கல் என்ற செவ்வியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதி இதைப் புரட்டிப்போட்டார். இங்கே பேச்சு ஆயுளின் நீளத்தைப் பற்றியதே அல்ல என்றார். ‘எபி’ என்பதை ‘ஆட்பட்ட’ என்று எடுத்துக்கொண்டால், ‘நாளுக்கு ஆட்பட்டவன்’ என்று வரும். இன்றைய பொழுது அவனை எப்படி ஆக்குகிறதோ அப்படி இருப்பான், நாளைய பொழுது வேறு மாதிரி ஆக்கும்.

அந்தப் பாட்டிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. அரிஸ்டோமெனெஸிடம் தோற்றவர்கள் நான்கு பேர். ஊர் திரும்பியபோது தாயின் முகத்தில் சிரிப்பில்லை. எதிரிகள் கண்ணில் படாமல் சந்து பொந்து வழியாகப் பதுங்கி வீடு போய்ச் சேர்கிறார்கள். ஜெயித்தவனுக்கும் அவர்களுக்கும் ஆயுள் ஒன்றுதான், வித்தியாசம் அன்றைய நாள் மட்டுமே. இதைப் படித்தபின் ‘அற்ப ஆயுசு’ என்ற பொருளை அந்த இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஃப்ரெங்கலின் சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. அடுத்த கேள்வியில் வரும் பூச்சி நிஜமாகவே நாள் கணக்குதான்.

இயற்கை ஆர்வலர், நாகர்கோவில்: ‘எஃபெமெரா’ என்ற பூச்சி நம்ம ஈசல்தானே?

இல்லை. தமிழில் எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் ஈசலைப் போட்டுவிடுகிறார்கள். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். மழை விட்டதும் புற்றிலிருந்து கிளம்பி, இணை சேர்ந்து, சிறகை உதிர்த்துவிடும். பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் நம் வாணலிக்கும் போய்விடுவதால் ஒருநாள் பூச்சி என்று தோன்றுகிறது. ஆனால் தப்பிப் பிழைத்து ராணியாகிற ஈசல் வருடக்கணக்கில் வாழும்.

கிரேக்கர் சொன்னது வேறு. ஆங்கிலத்தில் ‘மேஃப்ளை’, அறிவியலில் ‘எஃபெமெரோப்டெரா’ வரிசை. கருங்கடல் பக்கத்து ஹைபானிஸ் ஆற்றில் கோடைக்காலத்தின் நடுவில் திராட்சைப் பழத்தைவிடப் பெரிய பைகள் மிதந்து வரும், அவை வெடித்து நான்கு கால்களும் சிறகும் உள்ள உயிர் வெளிவரும், மாலை வரை பறந்து சூரியன் மறையும்போது செத்துப்போகும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். கால் உண்மையில் ஆறு. இந்தப் பூச்சி பெரும்பாலும் முன்னங்கால் இரண்டையும் காற்றில் நீட்டியபடி உட்காரும். நான்கு என்று எண்ணியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஒருநாள் ஆயுள் என்பதும் பாதி உண்மைதான். முட்டையிலிருந்து வந்த குஞ்சு மாதக்கணக்கில், சில இனங்களில் இரண்டு மூன்று வருடம்கூட, தண்ணீருக்கடியில் வாழ்கிறது. சிறகு வந்தபின் சாப்பிட உருப்படியான வாயே கிடையாது. சிறகு முளைத்தபிறகும் ஒருமுறை தோலுரிக்கிற பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். ஹங்கேரியில் திஸா ஆற்றில் மூன்று வருடம் களிமண் கரையைத் துளைத்து வாழும் பெரிய இனம் ஒன்று, கோடையில் ஒரே நேரத்தில் எழும்பி, சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆற்றின் மேல் பூத்தது போல இருப்பதால் ‘திஸாப் பூ’ என்பார்கள். நிலைக்காத எதையும் ‘திஸாப் பூ ஆயுசு’ என்பது ஹங்கேரிய வழக்கு. ஜெர்மானியர்களும் இந்தப் பூச்சியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: ஒரே பாட்டில் பிரபலமாகிக் காணாமல் போகிற பாடகருக்கு அங்கே ‘ஒருநாள் ஈ’ என்று பெயர்.

தொலைநோக்கி வைத்திருப்பவர், ஓசூர்: கிரக நிலை அட்டவணையை ‘எஃபெமெரிஸ்’ என்கிறோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ‘எஃபெமெரிஸ்’ என்றால் கிரேக்கத்தில் நாட்குறிப்பு, அன்றாடக் கணக்குப் புத்தகம். அலெக்சாந்தரின் அரண்மனை நாட்குறிப்பின் பெயரும் இதன் பன்மையான ‘எஃபெமெரிதெஸ்’தான். பிறகு நாள்வாரியாகக் கோள்களின் இடத்தைக் காட்டும் அட்டவணைக்குப் பெயரானது. ஜெர்மானிய வானியலாளர் ரெகியோமொன்டானுஸ் 1474-ல் நியூரம்பெர்க்கில் அச்சிட்டது புகழ்பெற்றது. 1504 பிப்ரவரி 29 அன்று ஜமைக்காவில் சந்திர கிரகணத்தைச் சொல்லிப் பயமுறுத்தி, அங்கிருந்த மக்களிடம் கொலம்பஸ் உணவு வாங்கினாரே, அந்தக் காரியத்துக்கு உதவியது இத்தகைய அட்டவணைதான்.

வேடிக்கை என்னவென்றால், ‘எஃபெமெரல்’ குறுகிக்கொண்டே போக, ‘எஃபெமெரிஸ்’ நீண்டுகொண்டே போனது. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபாரட்டரி வெளியிடும் எஃபெமெரிஸ்களில் நீளமானவை ஏறக்குறைய 30,000 ஆண்டுகளுக்குக் கோள்களின் இடத்தைச் சொல்கின்றன. உங்கள் போனில் உள்ள ஜி.பி.எஸ்.ஸோ பழைய குணத்தை விடவில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் எஃபெமெரிஸைத் தானே ஒலிபரப்பும். அது சுமார் நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லும், அதன்பின் புதிதாக வாங்க வேண்டும்.

பால் பண்ணை வைத்திருப்பவர், ஈரோடு: கால்நடை டாக்டர் சீட்டில் ‘எபிமெரல் ஃபீவர்’ என்று எழுதினார். மாடு மூன்று நாள் படுத்துவிட்டது. ஒரு நாள் கணக்கு எங்கே போச்சு?

நாம் ‘மூன்று நாள் காய்ச்சல்’ என்று சொல்வதுதான் அது. பூச்சிக்கடியால் பரவும் வைரஸ் நோய். காய்ச்சல், நொண்டல், எழுந்திருக்க முடியாமை எல்லாம் திடீரென்று வந்து, பெரும்பாலும் மூன்றாம் நாளில் தெளிந்துவிடும். நோய்க்குப் பெயர் வைத்த காலத்தில் சொல்லில் ‘ஒன்று’ என்ற எண் செத்துப்போய், ‘சீக்கிரம் போய்விடும்’ என்பது மட்டும் உயிரோடு இருந்தது. மூன்று நாள் தாண்டியும் மாடு எழவில்லையென்றால் சொல்லாராய்ச்சியை விட்டுவிட்டு டாக்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

நூலக அறிவியல் மாணவர், சென்னை: எங்கள் பாடத்தில் ‘எஃபெமெரா’ என்றால் பழைய டிக்கெட், நோட்டீஸ், அழைப்பிதழ். நிலைக்காதது என்று பெயர் வைத்துவிட்டு ஏன் ஆவணக் காப்பகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள்?

அச்சடித்த காகிதத்தோடு இந்தச் சொல் சேர்ந்தது பத்திரிகை வழியாக. 1751-ல் சாமுவேல் ஜான்சன் ‘ராம்ப்ளர்’ இதழில் அன்றன்றைய செய்தித்தாள்களை அறிவுலகின் எஃபெமெரா என்றார். இளக்காரமாக அல்ல, தடித்த புத்தகங்களைவிட அன்றாட வாழ்வுக்கு இவை அதிகம் உதவுகின்றன என்று பரிந்து பேசினார்.

சேகரிக்கும் கதைக்கு ஆக்ஸ்ஃபோர்டு போக வேண்டும். ஜான் ஜான்சன் (அவருக்கும் இவருக்கும் உறவில்லை) இளம்வயதில் எகிப்தில் பாப்பிரஸ் (பழங்கால நாணல் காகிதம்) தேடித் தோண்டியவர். பழைய ஊர்களின் குப்பைமேடுதான் அவர்களுக்குச் சுரங்கம். ரசீது, கடிதம், பட்டியல் என்று ஈராயிரம் வருடத்துக்கு முன் கிழித்துப் போட்டதையெல்லாம் அறிஞர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்கள். அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது: நம் காலத்துக் குப்பைக்கு ஏன் யாரும் இதே மரியாதை தருவதில்லை? பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் தலைமை அச்சரானபோது, பயன் முடிந்ததும் குப்பைக்கூடைக்குப் போகிற, புத்தகமல்லாத அச்சுப்பொருள் எல்லாவற்றையும் சேர்த்தார். சோப்பு உறை, சர்க்கஸ் நோட்டீஸ், காதலர் வாழ்த்து அட்டை என்று பத்து லட்சத்துக்கும் மேல். 1968-ல் அது போட்லியன் நூலகத்துக்கு வந்தது. 1975-ல் மாரிஸ் ரிக்கர்ட்ஸ் லண்டனில் எஃபெமெரா சங்கம் தொடங்கியபின், சொல் ஒரு துறையின் பெயராகவே ஆகிவிட்டது.

உங்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று சேர்த்தாரே, அவற்றுக்கு நூலகப் பட்டியலில் வேறு என்ன பெயர் இருக்க முடியும்? தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மென்பொருள் பொறியாளர், கோவை: எங்களுக்கு எஃபெமெரல் போர்ட், எஃபெமெரல் கீ, எஃபெமெரல் ஸ்டோரேஜ் என்று தினமும் புழங்குகிற சொல். டெம்பரரி என்று சொன்னால் போதாதா?

போதாது. டெம்பரரி என்றால் அப்புறம் நிரந்தரமான ஒன்று வரும் என்று எதிர்பார்ப்போம். தற்காலிகப் பாலம் போட்டால் நிஜப் பாலம் வரவேண்டும் (வராது என்பது வேறு விஷயம்). எஃபெமெரலுக்கு அப்படி வாரிசு யாரும் கிடையாது. ஒரு தொடர்புக்காக 49152-லிருந்து 65535-க்குள் ஒரு போர்ட் எண்ணை (கணினியில் இணைப்புக்கான வாசல் எண்) எடுக்கிறீர்கள், தொடர்பு முடிந்ததும் விட்டுவிடுகிறீர்கள்.

உங்கள் மூன்றில் கீ, அதாவது செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் புதுச் சாவி செய்து, முடிந்ததும் அழித்துவிட்டால், நாளைக்கு யாராவது சர்வரின் நிரந்தரச் சாவியையே திருடினாலும் நேற்றுப் பதிவு செய்துவைத்த உரையாடலைத் திறக்க முடியாது. இணைய இணைப்புகளை ரகசியமாக வைக்கும் நெறிமுறையின் 2018-ல் வந்த பதிப்பான டி.எல்.எஸ். 1.3, சான்றிதழ் வழியான இணைப்புகளில் நிலையான சாவியைக் கொண்டு ரகசியம் பரிமாறும் பழைய முறைகளை எடுத்தே விட்டது. பிண்டார் காலத்தில் குறையாக இருந்த குணம் இங்கே வாக்குறுதியாகிவிட்டது: கட்டாயம் அழிந்துவிடும், நம்பலாம். அனுப்பிய படம் பார்த்ததும் மறைந்துவிடும் என்று 2011-ல் வந்த ஸ்னாப்சாட் செயலி விற்றதும் இதே வாக்குறுதியைத்தான். ஆனால் ஸ்கிரீன்ஷாட் என்று ஒன்று இருக்கிறது.

சட்டக் கல்லூரி மாணவி, சேலம்: சட்டத்தில் இந்தச் சொல் எங்காவது வருகிறதா சார்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். ஒலிபரப்பு நிறுவனம் தன் ஒலிபரப்புக்காகத் தன் சாதனங்களிலேயே செய்துகொள்ளும் ‘எஃபெமெரல் ரெக்கார்டிங்’ மீறலாகாது என்று இருக்கும். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1948 பிரஸ்ஸல்ஸ் திருத்தத்தில் வந்த கருத்து அது. அமெரிக்கச் சட்டத்தில் இப்படிப்பட்ட பதிவை 6 மாதம் வரை வைத்திருக்கலாம். ஒருநாள் சொல்லுக்கு ஆறு மாதத் தவணை!

அமெரிக்காவில் இந்தச் சொல்லை வைத்துப் பெரிய வழக்குகளே நடந்தன. மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடைக்கு நீரியலில் ‘எஃபெமெரல் ஸ்ட்ரீம்’ என்று பெயர். பருவத்தில் சில மாதம் ஓடுவது வேறு வகை. தூய நீர்ச் சட்டம் எந்த ஓடை வரை செல்லும் என்ற சர்ச்சையில், ஓரளவு நிரந்தரமாக ஓடும் நீருக்கே பாதுகாப்பு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சாக்கெட் வழக்கில் சொன்னது. மேற்கு மாநிலங்களின் வறண்ட ஓடைகளுக்கு அது பெரிய அடி.

பெயர் வேண்டாம், பெங்களூரு: நான் ‘எஃபெமெரல்’ என்கிறேன், என் மேனேஜர் ‘இஃபீமெரல்’ என்கிறார். யார் சரி?

இரண்டாவது அசையில் அழுத்தம் விழ வேண்டும், அதுதான் விதி. அங்கே ‘ஃபெ’ குறிலாக ஒலிப்பது பரவலான வழக்கு, ‘ஃபீ’ என்று நீட்டுவதையும் அகராதிகள் ஏற்கின்றன. அப்ரைசல் முடியும் வரை நீங்களும் நீட்டியே சொல்லுங்கள்.