லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு பழைய ஃபங்ஷனை ஸ்கிரிப்ட் போட்டு ஒரே நாளில் மாற்றிவிட முடியாதா?

பெயரை மாற்றலாம், நடத்தையை மாற்ற முடியாது. சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, நகலெடுக்கும் ஸ்ட்ரெல்காப்பி (strlcpy) ஃபங்ஷனையே பாருங்கள். நகல் போய்ச் சேரும் இடம் சிறிதாக இருந்தாலும் மூலச் சரத்தைக் கடைசி வரை படிக்கும். சரத்தின் முடிவைக் காட்டும் பூஜ்ய பைட் இல்லையென்றால் எல்லை தாண்டியும் படித்துக்கொண்டே போகும். மாற்றாக ஸ்ட்ரெஸ்காப்பி (strscpy) 2015-இல் கெர்னலின் 4.3 பதிப்பில் வந்தது. பழையது ஒழிந்ததோ 2024-இல், 6.8-இல்தான்!

சிக்கல் திருப்பித் தரும் மதிப்பில் இருக்கிறது. பழையது மூலச் சரத்தின் நீளத்தைத் தரும். புதியது நகலெடுத்த எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும். இடம் போதாவிட்டால் மைனஸ் 7, அதாவது பிழைக் குறியீடு. அந்த மதிப்பை அப்படியே பாயின்டரோடு, அதாவது நினைவக முகவரியோடு, கூட்டி அடுத்த சரத்தை எழுதும் நிரல் இருந்தால்? 7 பைட் பின்னோக்கிப் போய் எழுதும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறக்காது.

அதனால் மதிப்பைக் கண்டுகொள்ளாத இடங்களை மட்டும் காக்ஸினெல் கருவியால் மொத்தமாக மாற்றினார்கள். இது வெறும் எழுத்தைத் தேடாது, சி மொழியின் அமைப்பைப் புரிந்துகொண்டு தேடும். மிச்சத்தை ஆள் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பராமரிப்பாளர். அவரவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், நிரல் எழுதுவதைவிட இந்தக் காத்திருப்புதான் அதிகம்.