பிரியாணிக் கடைச் சாம்பல் ஏன் வழிந்தது?

கேள்வி: பெரம்பூரில் சின்ன கேஸ் சூளை வைத்திருக்கிறேன். ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுடும் கெட்டியான மண்பாண்டம்) ஊறுகாய் ஜாடிகளை 1,280 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிறேன். பக்கத்துப் பிரியாணிக் கடையின் விறகுச் சாம்பலைச் சலித்து, தண்ணீரில் கரைத்து, கிளேஸாக, அதாவது சுட்டால் கண்ணாடிபோல் ஆகும் மேல்பூச்சாகப் பூசினேன். எல்லாம் வழிந்து, ஜாடி சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. சாம்பலைக் கழுவியிருக்க வேண்டுமா?

பதில்: கழுவாததைவிடப் பெரிய தப்பு, சாம்பலை மட்டும் பூசியது. விறகுச் சாம்பலில் பெரும்பங்கு சுண்ணாம்பு, அப்புறம் பொட்டாசியம், மெக்னீசியம், கொஞ்சம் பாஸ்பரஸ். எல்லாம் பெரும்பாலும் மற்றதை உருக்கும் சரக்கு. கண்ணாடியாவதற்கு சிலிக்காவும், வழியாமல் பிடித்து நிறுத்த அலுமினாவும் போதுமான அளவு வேண்டும். உங்கள் பூச்சு அவற்றை ஜாடியின் உடம்பிலிருந்து அரித்து எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

எடைக்கணக்கில் சாம்பல் 40, ஃபெல்ஸ்பார் (சிலிக்காவும் அலுமினாவும் தரும் கனிமப் பொடி) 40, சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 20 என்று தொடங்குங்கள். சாம்பலை 30, 50 என்று மாற்றி இன்னும் இரண்டு கலவை செய்து, சின்ன ஓடுகளில் பூசிச் செங்குத்தாக நிறுத்திச் சுடுங்கள். படுக்க வைத்தால் வழிவது தெரியாது. அடியில் ஒரு பிஸ்க் (கிளேஸ் பூசாமல் ஒருமுறை சுட்ட மண்) துண்டு இருக்கட்டும், தட்டு தப்பிக்கும்.

கழுவினால் கரையும் பொட்டாசியம் உப்புகள் தண்ணீரோடு போய்விடும். கலவையும் வாளியில் ஒழுங்காக இருக்கும். கழுவாவிட்டால் பூச்சு காயும்போது உப்புகள் விளிம்புக்கு ஏறி அங்கே மட்டும் அதிகமாக உருகும். நான் ஒரே ஒரு தண்ணீர்தான் மாற்றுவேன். அந்தத் தண்ணீர் கடும் காரம். சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த கைகளுக்குத் தெரியும். கையுறை கட்டாயம், சலிக்கும்போது மாஸ்க்கும்.

ஒரே கடையில், ஒரே வகை விறகின் சாம்பலை ஒரு டிரம் நிறைய வாங்கிக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். மரம் மாறினால் கிளேஸும் மாறும். சவுக்குச் சாம்பல் எனக்குப் பிடித்தது. கடைக்காரர் அடுப்பில் பிளாஸ்டிக் கவர் போடுகிறாரா என்று பாருங்கள். எலும்புத் துண்டு கிடந்தால் கவலையில்லை, சலித்தால் போகும். காசிமேட்டுப் பழைய படகுப் பலகை வேண்டாம். பெயின்டும் ஆணியும் உப்பும் சேர்ந்தே வரும். எண்ணூர்ப் பக்கம் கிடைக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் நிலக்கரியுடையது. அதில் சிலிக்காவும் அலுமினாவும்தான் அதிகம், இந்த வேலைக்கு ஆகாது. உமிச் சாம்பலும் ஏறக்குறைய வெறும் சிலிக்கா.

நிறம் சூளையின் கையில். காற்றைக் குறைத்துச் சுட்டால், கலவையிலுள்ள இரும்பு பச்சை காட்டும். காற்று தாராளமாக இருந்தால் தேன் நிறம். குறைக்கும்போது கார்பன் மோனாக்சைடு வரும். மூடிய அறையில் சுடவே கூடாது.

ஊறுகாய் ஜாடி என்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தயக்கம். சாம்பல் அதிகமுள்ள கிளேஸைப் புளிப்பு அரிக்கும். வெட்டிய எலுமிச்சையை ஓர் இரவு அதன்மேல் வைத்துப் பாருங்கள். பளபளப்போ நிறமோ மங்கினால் அது தேறாது. தேறினாலும் உள்பக்கத்துக்கு நன்றாகச் சோதித்த, சாம்பல் இல்லாத கிளேஸையே பூசுங்கள். சாம்பல் வெளியே இருக்கட்டும்.