தன் இடம் தெரியாத ப்ரோக்ராம் – கடிதம்

வணக்கம் சார்,

மணலியில் ஒரு லாரி எடைமேடைக்கு லினக்ஸில் ஓட சி மொழியில் 'பில்' என்று ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தேன். /யூஎஸ்ஆர்/பின்-னில் அதற்கு ஒரு சிம்லிங்க் (வேறு இடத்தில் உள்ள ஃபைலைச் சுட்டும் இணைப்பு) உண்டு. அசல் ப்ரோக்ராம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் ஓட்டினால் பக்கத்தில் உள்ள செட்டிங்ஸ் ஃபைலை எடுக்கிறது. கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் வசதி) ஓட்டினால் ஃபைல் இல்லை என்கிறது. ஃபோல்டரை, ப்ரோக்ராமுக்கு வரும் முதல் ஆர்க்யுமென்ட்டான ஆர்க்வி-0-விலிருந்துதான் பிரிக்கிறேன். எங்கே தப்பு?

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ஆர்க்வி-0 என்பது கூப்பிட்டவர் சொன்ன பெயர்தான், இருப்பிடம் அல்ல. அதில் என்ன வந்தாலும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சரிபார்ப்பதில்லை. கிரானில் வெறுமே 'பில்' என்று எழுதியிருப்பீர்கள். ஷெல் (கட்டளைகளை ஓட்டும் ப்ரோக்ராம்) அதைத் தேடிப் பிடித்து ஓட்டும். உங்கள் கைக்கு வருவது 'பில்' மட்டும். சாய்கோடு இல்லாததால் டிர்நேம் (பாதையிலிருந்து ஃபோல்டரைப் பிரிக்கும் ஃபங்ஷன்) ஒரு புள்ளியைத் தரும், அதாவது நிற்கிற ஃபோல்டர். கிரான் நிற்பது ஹோம் டைரக்டரியில். சிம்லிங்கின் முழுப் பாதையைக் கொடுத்தாலும் /யூஎஸ்ஆர்/பின் என்றுதான் வரும். அங்கும் செட்டிங்ஸ் கிடையாது.

கர்னலையே கேளுங்கள். ஓடும் ப்ரோக்ராம்களின் விவரங்களைக் கர்னல் காட்டும் இடம் /ப்ராக். அதிலுள்ள /ப்ராக்/செல்ஃப்/எக்ஸி என்ற சிம்லிங்கை ரீட்லிங்க் என்ற ஃபங்ஷன் கொண்டு படித்தால் உண்மையான ஃபைலின் முழுப் பாதை வரும். பலர் சறுக்குவது இதற்கு அடுத்த வரியில். ரீட்லிங்க் கடைசியில் பூஜ்ய பைட் (சி-யில் எழுத்துத் தொடரின் முடிவைக் காட்டுவது) போடாது. பாதையை வாங்கும் பஃபர் 4096 பைட் என்றால் ரீட்லிங்கிடம் 4095 என்று சொல்லுங்கள். திரும்பி வந்த எண் உள்ள இடத்தில் பூஜ்யத்தை நீங்களே வையுங்கள். மறந்தால் பாதையின் வாலில் குப்பை ஒட்டும், அதுவும் சில நாள் மட்டும். திரும்பியது சரியாக 4095 என்றால் பாதை வெட்டுப்பட்டிருக்கலாம். பஃபரைப் பெரிதாக்கி மறுபடி படியுங்கள். எல்ஸ்டாட் (ஃபைலின் விவரம் தரும் ஃபங்ஷன்) வைத்து நீளத்தை முன்கூட்டியே அறியலாம் என்று நினைக்காதீர்கள், ப்ராக்கில் அது 0 என்றே சொல்லும்.

இதை மெயின் தொடங்கியதுமே ஒரு தடவை படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய பதிப்பை எம்வி (ஃபைலை நகர்த்தும் கட்டளை) செய்து மாற்றினால், அதன்பின் படிக்கும் பாதையின் கடைசியில் ஓர் இடைவெளியும் அடைப்புக்குறிக்குள் 'டெலிடட்' என்ற சொல்லும் சேர்ந்து வரும்.

/ப்ராக் மவுண்ட் ஆகாத (இணைக்கப்படாத) சிரூட்டில், அதாவது ஒரு ஃபோல்டரையே முழு சிஸ்டமாகக் காட்டும் அமைப்பில், இந்த வழி நடக்காது. அங்கே கெட்ஆக்ஸ்வால் என்ற ஃபங்ஷன் மூலம் ஏடி_எக்ஸெக்எஃப்என் என்ற மதிப்பு கிடைக்கும், ஆனால் அது ப்ரோக்ராமைத் தொடங்கும் எக்ஸெக்-குக்குக் கொடுத்த பாதை. அரைகுறைப் பாதையாகவும் இருக்கலாம். சிஹெச்டிர் (நிற்கிற ஃபோல்டரை மாற்றுவது) செய்யும் முன்பே ரியல்பாத் (முழுப் பாதையைத் தரும் ஃபங்ஷன்) போட்டுவிடுங்கள்.

நாளை இதையே பைத்தானில் எழுதினால் எக்ஸி காட்டுவது பைத்தானின் இடத்தை. ஸ்கிரிப்டுக்கு இந்த வழி வேண்டாம்.