மன உறுதி இருக்கட்டும், வாக்கியத்தைப் பாருங்கள்

கேள்வி: நல்லபடியாக வாழ வேண்டும் என்று 25 கொள்கைகளை எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டிவைத்தேன். கோபப்படக் கூடாது, நேரத்தை வீணாக்கக் கூடாது, உண்மையே பேச வேண்டும், எல்லோரையும் மதிக்க வேண்டும் என்று பட்டியல் நீளும். மூன்றாவது வாரத்திலேயே எல்லாம் கலைந்துவிட்டது. எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்கிறார்களே, எனக்கு மட்டும் மன உறுதி இல்லையா? கட்டாயம் பின்பற்ற வேண்டிய பத்துக் கொள்கைகளை நீங்களே சொல்லுங்கள். என் மகனுக்கும் அதையே கொடுக்கலாம் என்றிருக்கிறேன். (பெயர் வேண்டாம்)

பதில்: பத்துக் கொள்கை தருவதாக இல்லை. இருக்கும் 25-இல் 22-ஐக் கிழித்தெடுப்பதுதான் இப்போதைய வேலை. மன உறுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதிவைத்திருப்பவை யாருக்குமே வேலை செய்யாத வாக்கியங்கள்.

‘கோபப்படக் கூடாது’ என்பதையே எடுங்கள். இரவில் ‘இன்று இதைக் கடைப்பிடித்தேனா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வருமா? ‘கொஞ்சம் கோபம் வந்தது, ஆனால் அவன் பேசியதும் அப்படித்தான்’ என்று உங்களுக்காக நீங்களே வாதாட ஆரம்பித்துவிடுவீர்கள். தவிர, கோபம் வருவது உங்கள் கையில் இல்லை. வந்த பிறகு வாய் என்ன செய்கிறது என்பது ஓரளவு இருக்கிறது. ஆகவே இப்படி எழுதுங்கள்: ‘என் குரல் உயர்வது என் காதில் விழுந்தால், அந்த வாக்கியத்தோடு நிறுத்துவேன். பத்து நிமிடம் கழித்தே அந்தப் பேச்சை மறுபடி எடுப்பேன்.’ எப்போது, என்ன செய்வது இரண்டுமே இதில் வந்துவிட்டன. இதுபோல ‘இது நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள், வெறும் குறிக்கோள் வைத்திருப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்.

மற்றவற்றுக்கும் இதே சிகிச்சைதான். ‘உண்மையே பேசுவேன்’ என்பது, ‘முடியாத வேலைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாமல், முடியாது என்று அன்றே சொல்வேன்’ என்றாகட்டும். (அன்றாடப் பொய்களில் மிகவும் மரியாதையானது அந்தப் ‘பார்க்கலாம்’தான்.) ‘எல்லோரையும் மதிப்பேன்’ என்பது, ‘எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகே வாய் திறப்பேன்’. நேரத்துக்கு, ‘காலையில் முதல் 45 நிமிடம் அன்றைய முக்கியமான வேலைக்கு, அதுவரை ஃபோன் வேறு அறையில்’.

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளமையில் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றில் மட்டும் கவனம் வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று; வருடத்துக்கு நான்கு சுற்று. நோட்டில் ஏழு நாளுக்கு ஏழு கட்டங்கள், தவறினால் ஒரு கருப்புப் புள்ளி. ‘ஒழுங்கு’தான் அவரை மிகவும் படுத்தியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் என்று வைத்திருந்தார். தொழில் விஷயமாக வருகிறவர்களோ தங்கள் நேரத்துக்கு வந்தார்கள். அடுத்தவர் ஒத்துழைத்தால்தான் நிறைவேறும் கொள்கை இப்படித்தான் உடையும். பணிவில் அவர் செய்தது வேறு. ‘நிச்சயமாக’, ‘சந்தேகமில்லாமல்’ போன்ற சொற்களைத் தனக்குத் தானே தடை செய்துகொண்டு, ‘இப்போதைக்கு எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று பேசப் பழகினார். பணிவு உள்ளுக்குள் வந்ததாகப் பெருமையடிக்க முடியாது, வெளித்தோற்றத்தில் நிறையவே வந்தது என்று ஒப்புக்கொள்கிறார். எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

21 நாள் கதை 1960 வாக்கில் கிளம்பியது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர், மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆவதைக் கவனித்து எழுதினார். ஊரெல்லாம் பரவியபோது ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது, ‘முகம்’ இருந்த இடத்தில் ‘பழக்கம்’ வந்துவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை ஆளுக்கு ஒரு புதிய பழக்கத்தோடு 12 வாரம் கவனித்தார்கள். பழக்கம் தானாக நடக்க ஆகும் காலத்தின் இடைநிலை 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டியவை கணிப்பு). ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் தெரியவில்லை. நீங்கள் மூன்றாவது வாரத்தில் ஒரே நேரத்தில் 25-ஐ எதிர்பார்த்திருக்கிறீர்கள்.

மூன்றை மட்டும் வையுங்கள். ஒரு தாளில் மூன்று வரிசை, ஏழு கட்டம். இரவில் இரண்டு நிமிடம் போதும். தவறியதற்கு மட்டும் புள்ளி, பக்கத்தில் காரணம் எழுத இடமே விடாதீர்கள். ஒரே வரிசையில் நான்கு புள்ளிக்கு மேல் விழுந்தால், அடுத்த வாரம் ‘இன்னும் உறுதியாக இருப்பேன்’ என்று சபதம் போடாமல் கொள்கையைச் சுருக்குங்கள்: 45 நிமிடம் 15 ஆகட்டும். காய்ச்சல், பயணம் போன்ற விலக்குகளை இன்றே தாளின் பின்புறம் எழுதிவிடுங்கள், இரவில் களைப்போடு புது விலக்கு கண்டுபிடிக்க வேண்டாம். ஒன்றோடொன்று மோதும் கொள்கைகளும் உண்டு. ‘எடுத்த வேலையை முடித்தே எழுவேன்’, ‘பத்து மணிக்குப் படுப்பேன்’ இரண்டும் ஒரே தாளில் இருந்தால், எது ஜெயிக்கும் என்பதை இப்போதே எண்ணிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு எது சுலபமோ அதுதான் ஜெயிக்கும். நான்கு வாரம் புள்ளியே விழாத கொள்கையை எடுத்துவிட்டு, கிழித்த 22-இல் ஒன்றைத் திருத்தி எழுதி உள்ளே கொண்டுவரலாம்.

மகனுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். அவன் எழுதாத கொள்கை அவனுக்கு உத்தரவு. உத்தரவை எப்படி ஏய்ப்பது என்பதைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். அவனுக்கும் ஆசை இருந்தால் வெள்ளைத் தாள் ஒன்று கொடுங்கள். அதில் எத்தனை புள்ளி என்று எட்டிப் பார்க்காதீர்கள்.