மஜ்ஜை மாற்றினால் டிஎன்ஏவும் மாறுமா? ரத்த நோய் மருத்துவரின் பதில்கள்

ரத்தப் புற்றுநோய் வந்த தம்பிக்கு நான்தான் எலும்பு மஜ்ஜை கொடுத்தேன். அவன் உடம்பில் இப்போது ஓடுவது என் டிஎன்ஏ என்கிறார்கள். உண்மையா டாக்டர்?

ரத்தத்தைப் பொறுத்தவரை உண்மைதான் அம்மா. கடும் மருந்துகளாலும், சிலருக்குக் கதிர்வீச்சாலும், நோயாளியின் மஜ்ஜையை முதலில் அழித்துவிடுகிறோம். அந்த இடத்தில் உங்கள் ஸ்டெம் செல்கள், அதாவது ரத்தத்தின் மூல செல்கள், குடியேறி ரத்தம் உண்டாக்குகின்றன. அந்த ரத்தத்தின் வெள்ளணுக்களில் இருப்பது உங்கள் டிஎன்ஏ. தம்பியின் டிஎன்ஏவை யாரும் திருத்தவில்லை. அவருடைய ரத்த செல்கள் போய் உங்களுடையவை வந்திருக்கின்றன, அவ்வளவுதான். தோல், முடி, மூளை, தசை எல்லாம் அவருடையவையே. இப்படி இருவரின் செல்கள் ஓருடலில் இருப்பதற்குக் கைமெரிசம் என்று பெயர். இப்போது அவர் ரத்தத்தில் குரோமோசோம் பார்த்தால் பெண்ணுக்குரிய எக்ஸ்எக்ஸ் என்று வரும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். மீசையும் குரலும் அப்படியேதான் இருக்கும்.

ரத்த குரூப்பும் மாறுமா?

கொடையாளியின் குரூப் வேறாக இருந்தால் மாறும். பொருத்தம் பார்ப்பது தன் செல் எது, அந்நிய செல் எது என்று உடல் அடையாளம் காண உதவும், ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ மரபணுக்களை வைத்து. ரத்த குரூப் வேறு விஷயம். ஓ குரூப்காரருக்கு பி குரூப்காரர் கொடுக்கலாம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் பழையது கழிந்து புதியது நிறையச் சில மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால், மாற்றுச் சிகிச்சை நடந்ததை ரத்த வங்கிக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

என் மகனுக்கு தலசீமியா, ஹீமோகுளோபின் சரியாக உண்டாகாத பரம்பரை ரத்த நோய். மாற்றுச் சிகிச்சைக்குப் பின் கைமெரிசம் டெஸ்டில் நூறு சதவீதம் என்று வந்தது. இப்போது 88 என்கிறார்கள். நோய் திரும்பிவிட்டதா?

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஒரே ஓர் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆளுக்கு ஆள் வேறுபடும் சில டிஎன்ஏ துண்டுகளை ஒப்பிட்டு, ரத்தத்தில் கொடையாளியின் செல் எவ்வளவு, மகனின் செல் எவ்வளவு என்று இந்தப் பரிசோதனை கணக்கிடுகிறது. தலசீமியாவில் இரண்டும் கலந்திருந்தாலும், அளவு நிலையாக நின்று ஹீமோகுளோபினும் நன்றாக இருந்தால், ரத்தம் ஏற்றாமலே குழந்தை நலமாக வாழ முடியும். அடுத்தடுத்த பரிசோதனைகளிலும் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை.

ரத்தப் புற்றுநோயில் கதை வேறு. அங்கே நோயாளியின் சொந்த செல்கள் மறுபடி கூடுவது, நோய் தலைதூக்குவதற்கான முதல் அறிகுறியாக இருக்கலாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைப்பதா, கொடையாளியின் வெள்ளணுக்களை மறுபடி ஏற்றுவதா என்று உடனே யோசிப்போம். எனவே செலவைப் பார்த்து இந்த டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி எனக்குப் பிறக்கும் குழந்தை கொடையாளியின் ஜாடையில் இருக்குமா?

இருக்காது. விந்தணுவும் கருமுட்டையும் உங்கள் சொந்த செல்களிலிருந்தே வருகின்றன. அமெரிக்காவின் நெவாடாவில் ஒருவரின் விந்து மாதிரியில் முழுக்கக் கொடையாளியின் டிஎன்ஏதான் இருந்தது என்று 2019இல் செய்தி வந்ததே, அதைப் படித்துப் பலர் கலங்கிவிட்டார்கள். அவர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர். விந்தில் விந்தணுவே இல்லாததால், அதிலுள்ள ரத்த வெள்ளணுக்களின் டிஎன்ஏதான் வந்திருக்க வேண்டும்.

உண்மையான கவலை வேறு. மாற்றுக்கு முன் கொடுக்கும் மருந்தும் கதிர்வீச்சும் குழந்தைப் பேற்றையே பறித்துவிடலாம். கல்யாணமாகாத பிள்ளைகளின் பெற்றோர், கூச்சப்படாமல் சிகிச்சைக்கு முன்பே விந்தணு, கருமுட்டை சேமிப்பு பற்றிக் கேளுங்கள்.

போலீஸ் டிஎன்ஏ சோதனையில் தப்பாக மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டா?

அமெரிக்காவின் அலாஸ்காவில் 2004இல் கிட்டத்தட்ட அப்படி நடந்தது. ஒரு பாலியல் வன்முறை வழக்கில் கிடைத்த டிஎன்ஏ, பதிவேட்டிலிருந்த ஒருவருடையதோடு பொருந்தியது. ஆனால் குற்றம் நடந்தபோது அவர் சிறையில் இருந்தார். விசாரித்தால், பல வருடங்களுக்கு முன் அவருக்கு மஜ்ஜை கொடுத்தவர் அவர் சகோதரர்; சந்தேகம் அந்தச் சகோதரர் பக்கம் திரும்பியது.

உங்களுக்கு நேரக்கூடியது இதைவிடச் சாதாரணம்: பரம்பரை நோய்க்கான மரபணுப் பரிசோதனை. ரத்தம் கொடுத்தால் கொடையாளியின் முடிவு வரும். எச்சிலும் கன்னத்தின் உட்புறத் துடைப்பும்கூட நம்பத் தகாதவை, அவற்றிலும் வெள்ளணுக்கள் உண்டு. வேருடன் பிடுங்கிய முடியோ, சிறு தோல் துண்டில் வளர்த்த செல்களோ மேல். மாதிரி எடுப்பதற்கு முன்பே மாற்றுச் சிகிச்சை நடந்ததை லேபில் சொல்லி, படிவத்திலும் எழுதிவிடுங்கள்.